கணக்காளரின் கோப்புகள் களவுபோன பின்பு: வாடிக்கையாளருக்கு எஞ்சியிருக்கும் வழிகள்

(கனடாவாழ் தமிழ் மக்களுக்கான சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்து கனடாவில் வேரூன்றிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்க்கையை முழுமையாக அறிந்த வெளியார் எவர் என்று வினவினால், குடும்ப வைத்தியருக்கு அடுத்தபடியாகக் கணக்காளரையே சுட்ட வேண்டும். கணவனின் சம்பளம், மனைவியின் சிறு வணிக வருமானம், பிள்ளைகளின் பிறந்த திகதி, வீட்டு அடமானத்தின் அளவு, வங்கிக் கணக்கிலக்கம், பிரிந்து வாழும் துணைக்கு வழங்கப்படும் பராமரிப்புப் பணம், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சொத்து என அனைத்தும் அவரது கோப்பில் உள்ளன. பெற்றோரை இந்நாட்டுக்கு அழைப்பதற்கு வருமானச் சான்று தேவைப்பட்டபோது கையளித்த கடவுச்சீட்டுப் பிரதிகளும் பல வேளைகளில் அதே கோப்பில் தங்கிவிடுகின்றன.

அந்தக் கோப்பு இப்போது இரும்பு அலுமாரியில் இல்லை, கணினியில் இருக்கிறது. அலுமாரியை உடைப்பவன் கையில் அள்ளக்கூடியதை மட்டுமே கொண்டுசெல்வான். கணினிக்குள் நுழைபவனோ ஒரே இரவில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கோப்புகளைப் பிரதி எடுத்துச் செல்கிறான். களவுபோன பொருள் இருந்த இடத்திலேயே இருப்பதால், களவு நடந்ததே பல மாதங்களுக்குத் தெரிவதில்லை.

அவ்வாறு நடந்த பின் வாடிக்கையாளர் என்ன செய்யலாம் என்பதே இவ்வுரையின் பொருள். இதில் முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டிய ஒன்று உண்டு. நட்டஈடு என்பது மெதுவாக வருவது. பல வேளைகளில் வராமலே போவது. ஆனால் கேட்டறியும் உரிமையும், உடனடியாகச் செயற்படும் வாய்ப்பும் வாடிக்கையாளரின் கையிலேயே உள்ளன. அவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது பெரும்பாலும் சட்டம் அன்று, தயக்கமே ஆகும்.

இழப்பின் தன்மை

கடனட்டை இலக்கம் களவுபோனால் வங்கி அதனை நிறுத்திச் சில நாட்களில் புதிய அட்டை வழங்குகிறது. ஒன்பது இலக்கங்கள் கொண்ட சமூகக் காப்புறுதி இலக்கம் அவ்வாறானதன்று. அது மோசடிக்குப் பயன்படுத்தப்பட்டதென்பதற்குச் சான்று இருந்தால் மட்டுமே சேர்விஸ் கனடா புதிய இலக்கம் வழங்கும். அப்போதும் பழைய இலக்கம் அழிந்துவிடுவதில்லை; அதனையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். பிறந்த திகதியையும் தாயின் கன்னிப் பெயரையும் எவராலும் மாற்ற முடியாது. எனவே கணக்காளரின் கோப்பு களவுபோவது ஒருநாள் இழப்பன்று. பல ஆண்டுகள் நீடிக்கும் அபாயமாகும்.

அண்மைக்கால நிகழ்வுகள் சில இதனை விளக்கும். உலகின் மிகப் பெரிய கணக்காய்வு நிறுவனங்களுள் ஒன்றான டெலோயிற்றின் மின்னஞ்சல் தொகுதிக்குள் அந்நியர் நுழைந்திருந்தமை 2017 செப்டெம்பரில் வெளியானது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு நிர்வாகிக் கணக்கின் ஊடாகவே அவர்கள் நுழைந்தனர் என்று அப்போது செய்தி வெளியிடப்பட்டது. ஏனைய நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு ஆலோசனை வழங்கும் நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், இரண்டு அறைகளில் இயங்கும் அலுவலகத்தின் நிலையை ஊகிக்கலாம்.

2019 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் பிஎஸ்ரி என்னும் கணக்காளர் நிறுவனம், கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அதில் ஏறத்தாழ 170,000 பேரின் விபரங்கள் பாதிக்கப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அல்லர். அந்நிறுவனத்திடம் கணக்கு வேலையை ஒப்படைத்திருந்த ஒரு மருத்துவர் குழுவின் நோயாளிகளே அவர்கள். தம் பெயர் அந்தக் கணினியில் இருந்ததையே அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சிக்காகோ நகரின் பான்ஸ்லி அன்ட் கீனர் என்னும் கணக்காளர் நிறுவனம் தாக்கப்பட்டது 2020 ஆம் ஆண்டிலாகும். டிசம்பரில் அந்நிறுவனம் அதனைக் கண்டறிந்தது. பாதிக்கப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கடிதம் அனுப்பப்பட்டதோ 2021 டிசம்பரில்தான். அந்த ஓராண்டில் திருடர் எதனையும் செய்திருக்கலாம். பாதிக்கப்பட்டோரால் எதனையும் செய்திருக்க முடியாது.

கனடாவில், 2024 ஒக்டோபரில் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வெளியிட்ட புலனாய்வு மற்றொரு வழியைக் காட்டியது. நாடறிந்த ஒரு வரிப்படிவ நிறுவனத்துக்குரிய நுழைவு விபரங்களைப் பயன்படுத்தி, நூற்றுக்கணக்கானோரின் வரிக் கணக்குகளுக்குள் மோசடிக்காரர் நுழைந்தனர்; பணம் வைப்பிலிடப்படும் வங்கிக் கணக்கை மாற்றினர்; பொய்யான படிவங்களை அனுப்பி 6 மில்லியன் டொலருக்கும் அதிகமான தொகையை மீளளிப்பாகப் பெற்றனர் என்று அது தெரிவித்தது. தனது தொகுதிகள் உடைக்கப்படவில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. விபரங்கள் எங்கிருந்து கசிந்தன என்பது ஒருபுறமிருக்க, ஒன்று உறுதியாகிறது. வரித் தயாரிப்பாளருக்கு வாடிக்கையாளர் வழங்கிய அதிகாரம் பிறர் கைக்குச் சென்றால், அது வாடிக்கையாளரின் வரிக் கணக்கையே திறந்துவிடும் திறப்பாகிவிடும்.

சட்டம் வழங்கும் உரிமை

ஒன்ராறியோவிலுள்ள தனியார் கணக்காளரைக் கட்டுப்படுத்துவது, தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டமாகும். கியூபெக், அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மாகாணங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. கூட்டாட்சிச் சட்டத்தின் தரவுக் கசிவு பற்றிய பிரிவுகள் 2018 நவம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. நிறுவனம் பெரியதா சிறியதா என்ற வேறுபாட்டை அவை பார்ப்பதில்லை. வீட்டின் நிலவறையில் இருந்து வரிப்படிவம் நிரப்புபவரும், கட்டணம் பெற்றுத் தொழிலாகச் செய்தால், அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே.

கசிவினால் ஒருவருக்குக் கணிசமான தீங்கு நேரும் மெய்யான அபாயம் இருக்குமானால், கணக்காளர் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். கனடாவின் தனியுரிமை ஆணையாளருக்கு அறிக்கை செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இயன்றளவு விரைவில் நேரடியாக அறிவிக்க வேண்டும். நேர்ந்த ஒவ்வொரு கசிவின் பதிவையும் 24 மாதங்கள் பேண வேண்டும். நிதி இழப்பு மட்டுமன்றி அடையாளத் திருட்டு, அவமானம், நற்பெயருக்குக் களங்கம், கடன் தரத்துக்குப் பாதிப்பு ஆகியனவும் கணிசமான தீங்கு என்றே கொள்ளப்படும். அறிந்துகொண்டே இக்கடமையை மீறுவது 100,000 டொலர் வரை தண்டம் விதிக்கத்தக்க குற்றமாகும்.

அறிவித்தல் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்தெந்தத் தகவல்கள் சென்றன, தீங்கைக் குறைக்க நிறுவனம் என்ன செய்தது, பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம், மேலதிக விபரத்துக்கு எவரை அணுகுவது ஆகியன அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். "சிறு பிரச்சினை ஒன்று ஏற்பட்டது, கவலைப்பட வேண்டாம்" என்ற தொலைபேசிச் செய்தி இக்கடமையை நிறைவேற்றியதாகாது.

கடிதம் வரவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தம்மைப் பற்றி என்னென்ன தகவல்கள் வைத்திருக்கப்படுகின்றன, அவை எவருக்கு வழங்கப்பட்டன என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உண்டு. கணக்காளர் பொதுவாக 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். கோப்புகளை வேறொரு நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் வைத்திருந்தேன், தவறு அவர்களுடையது என்று கூறி அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. பிறரிடம் ஒப்படைத்த தகவலுக்கும் ஒப்படைத்தவரே பொறுப்பாளி என்று சட்டம் கூறுகிறது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

கடிதம் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும் ஒரு வார காலமே மிகப் பெறுமதி வாய்ந்தது. நீதிமன்றம் பல ஆண்டுகளின் பின் மீட்டுத் தரக்கூடியதைவிட அதிகமானதை இந்த ஒரு வாரத்தில் காப்பாற்றலாம்.

முதலாவதாக, ஈக்விபக்ஸ், ரான்ஸ்யூனியன் ஆகிய இரண்டு கடன் தகவல் நிறுவனங்களையும் தனித்தனியே தொடர்புகொண்டு மோசடி எச்சரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். அவ்வெச்சரிக்கை கோப்பில் இருக்கும்போது, கடன் வழங்குவோர் விண்ணப்பதாரர் உண்மையானவர்தானா என்று மேலதிகமாகச் சரிபார்ப்பதற்கு அது வழிசெய்கிறது. கடன் அறிக்கையை இரு நிறுவனங்களிடமும் இலவசமாகப் பெறலாம். தெரியாத கணக்கோ, தெரியாத விசாரணையோ அதில் இருந்தால் உடனே மறுப்புத் தெரிவிக்க வேண்டும். கியூபெக்கில் வாழ்வோர், கடன் கோப்பையே பூட்டிவைக்கும் உரிமையை 2023 முதல் பெற்றுள்ளனர்.

இரண்டாவதாக, கனடா வருவாய் முகவரகத்தின் இணையக் கணக்கினுள் சென்று மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முகவரி மாறியுள்ளதா? நேரடி வைப்புக்கான வங்கிக் கணக்கு மாறியுள்ளதா? பிரதிநிதிகள் பட்டியலில் எவரெவர் உள்ளனர்? பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை படிவம் நிரப்பியவரின் பெயர் இன்றும் பட்டியலில் இருப்பது வியப்பன்று. தேவையற்ற அதிகாரங்களை அங்கேயே நீக்கலாம். கணக்கில் மாற்றம் நிகழும்போது மின்னஞ்சல் அறிவித்தல் வரும்படியும் செய்துகொள்ளலாம். வரி மீளளிப்பு மட்டுமன்றிப் பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் இதே வழியில் திசைதிருப்பப்படலாம் என்பதை மறத்தல் ஆகாது.

மூன்றாவதாக, வங்கிக்கு அறிவித்துக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது எத்தகைய ஆபத்து என்பதை 2020 ஓகஸ்ட் நிகழ்வு காட்டியது. வேறு தளங்களில் களவுபோன கடவுச்சொற்களைக் கொண்டே வருவாய் முகவரகத்தின் ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குள் அப்போது நுழைந்தனர். முகவரகம் தனது இணையச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது.

நான்காவதாக, மோசடி ஏதேனும் நடந்திருப்பின் காவல்துறையிலும் கனேடிய மோசடித் தடுப்பு நிலையத்திலும் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற வேண்டும். பின்னர் கடன்காரர் கதவைத் தட்டும்போது அந்த இலக்கமே சாட்சியாகும்.

ஐந்தாவதாக, தொலைபேசி அழைப்புகளில் விழிப்பாக இருக்க வேண்டும். களவுபோன கோப்பை வைத்திருப்பவன் சென்ற ஆண்டின் வருமானத்தை டொலர் கணக்கில் சரியாகச் சொல்வான். கணக்காளரின் பெயரையும் சொல்வான். அதனால் அவன் உண்மையானவன் ஆகிவிட மாட்டான். வருவாய் முகவரகம் பரிசு அட்டைகளாகப் பணம் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்து, முகவரகத்தின் அதிகாரபூர்வ இலக்கத்துக்கு வாடிக்கையாளரே அழைத்துச் சரிபார்ப்பதே தக்க வழி.

சிறு வணிகர்களுக்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. கடை வைத்திருப்பவரின் கோப்பு களவுபோனால், அவரிடம் வேலை செய்வோரின் சம்பளச் சீட்டுகளும் அவற்றிலுள்ள சமூகக் காப்புறுதி இலக்கங்களும் சேர்ந்தே களவுபோகின்றன. கணக்காளரின் கடிதம் அந்த ஊழியர்களுக்கு நேரடியாகச் செல்லாதிருக்கலாம். முதலாளி சொல்லாவிடில் அவர்களுக்கு எவரும் சொல்லப்போவதில்லை.

முறைப்பாடும் வழக்கும்

கணக்காளர் தம் கடமையைச் செய்யவில்லை என்று கருதும் வாடிக்கையாளர் தனியுரிமை ஆணையாளரிடம் முறையிடலாம். இதற்குச் சட்டத்தரணி அவசியமில்லை. ஆணையாளர் விசாரித்து அறிக்கை வெளியிடுவார். எனினும் தண்டம் விதிக்கவோ நட்டஈடு வழங்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அறிக்கை கிடைத்த பின் ஓராண்டுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம். அந்நீதிமன்றம், அவமானத்துக்கும் சேர்த்து நட்டஈடு வழங்கவல்லது. ஆயினும் தொகைகள் பெரும்பாலும் சிறியனவே. தவறான கடன் அறிக்கையால் கடன் மறுக்கப்பட்ட ஒருவருக்கு 2010 இல் வழங்கப்பட்டது 5,000 டொலர்.

கணக்காளர் பட்டயத் தொழில்முறைக் கணக்காளர் எனில், அவரது மாகாணத் தொழில்முறைச் சங்கத்திடமும் முறையிடலாம். வாடிக்கையாளரின் இரகசியம் பேணுவது அவர்களது நடத்தைக் கோவையின் பகுதியாகும். ஆனால் கனடாவில் வரிப்படிவம் நிரப்புவோர் அனைவரும் பட்டயக் கணக்காளர்கள் அல்லர். அத்தகையோர் மீது எந்தத் தொழில்முறைச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. இவ்வேறுபாட்டைக் கசிவுக்குப் பின்னர் அன்றி, கோப்பைக் கையளிக்கும் முன்னரே கேட்டறிவது நன்று.

நீதிமன்ற வழி குறித்து மிகையான நம்பிக்கை பரவியுள்ளதால் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது. 2012 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்ப்பை வழங்கியது. வங்கி ஊழியர் ஒருவர் இன்னொருவரின் வங்கிக் கணக்கை நான்கு ஆண்டுகளில் குறைந்தது 174 தடவை பார்வையிட்ட வழக்கு அது. பண இழப்பு இல்லாதபோதிலும், பிறரின் தனிமைக்குள் அத்துமீறியமைக்கு நட்டஈடு உண்டு என்று நீதிமன்றம் கூறி 10,000 டொலர் வழங்கியது. தரவுக் கசிவு வழக்குகள் பல இத்தீர்ப்பை நம்பியே தொடுக்கப்பட்டன.

ஈக்விபக்ஸ் நிறுவனத்தில் 2017 இல் நேர்ந்த கசிவில் கனடாவில் மட்டும் ஏறத்தாழ 19,000 பேர் பாதிக்கப்பட்டனர். அது தொடர்பான வழக்கில் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 நவம்பரில் வேறொரு எல்லையை வகுத்தது. அத்துமீறியவன் திருடனே, பாதுகாக்கத் தவறிய நிறுவனம் அத்துமீறியதாகாது என்பது அதன் முடிவு. 2023 ஜூலையில் கனடாவின் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. தனியுரிமைக்கெனத் தனிச் சட்டம் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில், 2024 இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய வழக்குக்கு இடமிருக்கலாம் என்று கருதியது. ஒன்ராறியோவில் அவ்வழி அடைபட்டுள்ளது.

எஞ்சியிருப்பன கவனயீனமும் ஒப்பந்த மீறலும் ஆகும். கவனயீனத்தின் பேரில் நட்டஈடு பெறுவதற்கு உண்மையான இழப்பை நிரூபிக்க வேண்டும். நித்திரை கெட்டது, மனம் கலங்கியது என்பன மட்டும் போதா. கடுமையானதும் நீடித்ததுமான பாதிப்பு வேண்டும். ஆதலால் செலவழித்த ஒவ்வொரு டொலருக்கும் பற்றுச்சீட்டு, விடுப்பு எடுத்த ஒவ்வொரு நாளுக்கும் சான்று, பேசிய ஒவ்வொருவரின் பெயரும் திகதியும் என அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பது இன்றியமையாதது. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் 50,000 டொலர் வரையான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நீதிமன்றம் விசாரிக்கிறது. இழப்பை அறிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பலர் பாதிக்கப்பட்டிருப்பின் கூட்டு வழக்கு ஒன்று தொடங்கப்படலாம். அதில் கிடைக்கும் பங்கு சிறிதாயினும் தனியொருவர் செலவைச் சுமக்க வேண்டியதில்லை.

கணக்காளர் ஓராண்டு இலவசக் கடன் கண்காணிப்பு வழங்க முன்வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துக் கேட்கும் பத்திரம் அதனுடன் வருமாயின், சட்ட ஆலோசனை பெறாமல் கையெழுத்திடக் கூடாது. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வாயிலாக ஒரு சட்டத்தரணியிடம் 30 நிமிடம் வரை இலவசமாக ஆலோசிக்க முடியும்.

உறவும் உரிமையும்

இவ்வளவு வழிகள் இருந்தும் அவை பயன்படுத்தப்படாமல் போவதற்கான காரணத்தையும் பேசியாக வேண்டும். கணக்காளர் பல வேளைகளில் ஊரவர், அல்லது உறவினர், அல்லது வந்த புதிதில் மொழி தெரியாத காலத்தில் கைகொடுத்தவர். அவரிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்பது நன்றி மறந்த செயல் என்று பலர் எண்ணுகின்றனர். ஆணையாளரிடம் முறையிடுவது அவரது பிழைப்பைக் கெடுக்கும் என்று அஞ்சுகின்றனர். வருமான விபரம் ஊரில் பரவிவிடுமோ என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலக் கடிதம் முதியவர்களின் மேசையில் விளம்பரத் தாள்களோடு கிடந்து மறைந்துபோவதும் உண்டு.

கணக்காளரும் களவுக்கு உள்ளானவரே என்பதில் ஐயமில்லை. அவர்மீது பரிவு காட்டலாம். ஆனால் பரிவு வேறு, மௌனம் வேறு. ஒரு வாடிக்கையாளர் கேட்காமல் விட்டால், அதே கோப்பறையில் இருக்கும் ஏனைய குடும்பங்களும் அறியாமலே இருந்துவிடுகின்றன. எழுத்து மூலம் கேட்கும் ஒரு வரி, நேர்மையான கணக்காளருக்கு எந்தத் தீங்கையும் செய்யாது; அவர் செய்ய வேண்டியதை விரைந்து செய்யவே துணைபுரியும். விரைந்து உண்மையைச் சொன்ன கணக்காளரிடம் வாடிக்கையாளர் மீண்டும் செல்வர். மறைத்தவரிடம் எந்த உறவும் நிலைக்காது.

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. வருவாய் முகவரகத்தின் கணக்கைத் திறந்து, தம் பெயரில் எவரெவர் பிரதிநிதிகளாக உள்ளனர் என்று பார்க்கலாம். வயது முதிர்ந்த பெற்றோர் இருப்பின், பிள்ளைகள் அருகில் இருந்து அவர்களுக்கும் அதனைச் செய்து கொடுக்கலாம். அடுத்த முறை கணக்காளரைச் சந்திக்கும்போது, தேவை முடிந்த பழைய கோப்புகளையும் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் அழித்துவிடுமாறு கேட்கலாம். அங்கே இல்லாத கோப்பை எவராலும் அங்கிருந்து திருட முடியாது.